கத்தி வைத்த நாளா, கண்டுபிடித்த நாளா? ஆபரேஷன் தவறினால் சட்டம் தரும் கெடு

கோவாவில் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்த பெண் ஒருவர், 1993 நவம்பரில் மும்பைக்குப் போய்ப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். சில நாளில் வீடு திரும்பினார். வலி மட்டும் கூடவே வந்தது. மாத்திரை போட்டுச் சமாளித்தபடி ஒன்பது ஆண்டுகள் ஓடின. 2002ல் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுக்குள் ஏதோ திரண்டிருப்பது தெரிந்தது. அக்டோபரில் மும்பையிலேயே வேறொரு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது காஸ் துணி. 2004 அக்டோபரில், துணி வெளியே வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு முடியச் சில நாள் இருக்கையில், 50 லட்சம் ரூபாய் கேட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார்.

வழக்கு தோற்றது. டாக்டர் மேல் தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கே போகாமல், புகார் காலம் கடந்து வந்திருக்கிறது என்று சொல்லி 2010ல் உச்ச நீதிமன்றம் கோப்பை மூடியது. ஸ்ரீகண்டே வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

அதில் சொன்ன காரணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆபரேஷனால் வந்த கேடு வெளிப்படையாகத் தெரிந்தால் கெடு அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும். வலது காலுக்குப் பதில் இடது காலைத் திறந்திருந்தால் மயக்கம் தெளிந்ததுமே தெரிந்துவிடும் அல்லவா? கேடு உள்ளே ஒளிந்திருந்தால், நோயாளிக்கு அது தெரியவந்த நாளிலிருந்து ஓடும்; அல்லது, சாதாரண அக்கறை எடுத்திருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ அந்த நாளிலிருந்து ஓடும். செவிலியர் சறுக்கியது இந்த இரண்டாவது பாதியில். ஆபரேஷன் ஆனதிலிருந்தே வலி என்று அவரே சொல்கிறார். மருத்துவமனையிலேயே வேலை பார்க்கிறார். அறுத்த டாக்டரிடமோ வேறொருவரிடமோ போய் ‘ஏன் இந்த வலி’ என்று கேட்டிருந்தால் விஷயம் எப்போதோ வெளியே வந்திருக்கும் என்றது நீதிமன்றம்.

எனக்கு இந்தத் தீர்ப்பு கடுமையாகவே படுகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெண்பிள்ளைகளுக்கு நற்குணமாகச் சொல்லிக்கொடுக்கும் நாடு இது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நாடும்கூட. ஆனால் இன்று நுகர்வோர் ஆணையங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். நம் ஊரில் ஆபரேஷன் வழக்குகள் பெரும்பாலும் நீர்த்துப்போவது ஆபரேஷன் தியேட்டரில் நடந்ததால் அல்ல, அதற்குப் பிறகு ‘சரியாயிடும், கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று கழிந்த மாதங்களால்தான் என்பது என் எண்ணம். அதனால் இந்தக் கட்டுரையில் எங்கே போகலாம் என்பதைவிட எப்போதுக்குள் போக வேண்டும் என்பதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

இரண்டு ஆண்டு என்றால் என்ன

நோயாளிகள் அதிகம் நாடுவது நுகர்வோர் ஆணையத்தை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் வர வேண்டும் என்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே இரண்டு ஆண்டுதான். எதிர்த்தரப்பு மறந்துபோய் இதைக் கிளப்பாவிட்டாலும், கெடு தாண்டியதா என்று ஆணையம் தானே பார்த்தாக வேண்டும். இது உச்ச நீதிமன்றம் 2009ல் ஒரு வங்கி வழக்கில் தெளிவாகச் சொன்னது.

பலர் ஏமாறும் இடம் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் அனுப்பியாயிற்று, அவர்கள் பதில் போட வேண்டும், அதுவரை கடிகாரம் நிற்கும் என்று நினைப்பார்கள். நிற்காது. மருத்துவமனை நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடந்தாலும் நிற்காது. ‘எம்.டி. ஊரிலிருந்து வரட்டும், உட்கார்ந்து பேசி முடிச்சிடலாம்’ என்று மூன்று முறை வரச் சொல்லி அனுப்பினாலும் நிற்காது. மருத்துவக் கவுன்சிலில் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்பதும் நுகர்வோர் கெடுவை நிறுத்தாது. அவை தனித்தனிப் பாதைகள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் நடக்கலாம்.

சரி, கெடு தாண்டிவிட்டால்? அதே 69ஆம் பிரிவு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போதுமான காரணம் காட்டினால், அந்தக் காரணத்தை எழுத்தில் பதிந்து, தாமதத்தை மன்னித்து ஆணையம் புகாரை ஏற்கலாம். புகாரோடு தனியாகத் தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். நோயாளி மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார், அடுத்தடுத்து ஆபரேஷன் நடந்தது, கேஸ் ஷீட் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு மருத்துவமனை பதிலே போடவில்லை என்பதெல்லாம் காகிதத்தோடு காட்டினால் எடுபடக்கூடிய காரணங்கள். ‘சட்டம் தெரியாது’ என்பது பொதுவாக எடுபடாது. இரண்டு மாதத் தாமதத்துக்கும் நான்கு ஆண்டுத் தாமதத்துக்கும் ஒரே பார்வை கிடைக்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், அறுத்த டாக்டரே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் வைக்கிறது. அவரே கழுவிவிடுகிறார், மருந்து மாற்றுகிறார், ஆறு மாதம் கழித்து மறுபடி திறக்கிறார். கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சிகிச்சை தொடர்ந்தவரை வழக்குக்கான காரணமும் தொடர்ந்தது என்ற வாதத்தை ஆணையங்கள் சில வழக்குகளில் ஏற்றதுண்டு. ஆனால் அது வாதம்தான், உறுதி இல்லை. முதல் ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து எண்ணி, அதற்குள் புகாரைக் கொடுத்துவிடுவதே பத்திரம். நோயாளி இறந்திருந்தால் சட்டபூர்வ வாரிசுகள் புகார் கொடுக்கலாம். அவர்களும் இதே பத்திரக் கணக்கில் போவது நல்லது.

மோசமான முடிவும் அலட்சியமும் ஒன்றல்ல

இங்கே ஒரு கசப்பான உண்மை. ஆபரேஷன் சரியாக வரவில்லை என்பதே டாக்டர் தப்பு செய்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கலாம், குடலிறக்கம் திரும்ப வரலாம், எவ்வளவு கவனமாக இருந்தாலும் தையலில் தொற்று வரலாம். 1957ல் இங்கிலாந்தில் போலம் என்பவர் தொடுத்த வழக்கிலிருந்து வந்த அளவுகோலை 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. இதைவிட நல்ல வழி இருந்தது, இன்னொரு டாக்டர் வேறு மாதிரி செய்திருப்பார் என்பது மட்டும் போதாது.

அப்படியானால் எதை வைத்து நிரூபிப்பது? 2009ல் ஒரு தீர்ப்பு, எந்த மருத்துவப் புகாராக இருந்தாலும் டாக்டருக்கு நோட்டீஸ் போவதற்கு முன்பே நிபுணர் கருத்து வாங்க வேண்டும் என்றது. அது நோயாளிகள் கழுத்தில் விழுந்த சுருக்கு மாதிரி ஆனது. ஒரு டாக்டருக்கு எதிராக எழுதிக்கொடுக்க இன்னொரு டாக்டர் லேசில் கிடைப்பாரா? அடுத்த ஆண்டே, 2010ல், கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: சிக்கலான மருத்துவக் கேள்வி இருந்தால் நிபுணர் கருத்து வேண்டும்; காரியமே பேசுகிற இடத்தில் வேண்டியதில்லை. வயிற்றுக்குள் இருந்து துணி வந்தால் அதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு மருத்துவமனைக்குப் போய்விடும்.

கண்டுகொள்ளாமல் விடப்படும் இன்னொரு வாசல் சம்மதம். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் கருவி விட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தது மருத்துவ ரீதியாக நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும், சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அம்மா சம்மதம் சொல்ல முடியாது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். தொகை சின்னதாக இருந்தாலும் சட்டம் பெரிது: எதற்குக் கையெழுத்து வாங்கினார்களோ அதைத்தான் செய்யலாம். நம் ஊரில் கன்சென்ட் ஃபார்மில் பாதி இடம் காலியாகவே இருக்க, நர்ஸ் காட்டிய இடத்தில் மாமனாரோ அண்ணனோ கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது சாதாரணம். அந்தக் காலியிடமே ஒரு வழக்கைத் தாங்கி நிற்கலாம்.

கேஸ் ஷீட்டை முதலில் கையில் எடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை வைத்துக்கொண்டு வக்கீலிடம் வருபவர்கள்தான் அதிகம். அது மருத்துவமனை தன் வசதிக்கு எழுதும் சுருக்கம். நடந்தது என்ன என்பது வேறு காகிதங்களில் இருக்கிறது: ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்கள் மணிக்கு மணி எழுதும் சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கன்சென்ட் ஃபார்ம், ஸ்கேன் படங்கள், பில். படம் என்றால் அறிக்கை மட்டும் அல்ல, படமும் வேண்டும்.

இதைக் கேட்பது தயவு அல்ல. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘டூப்ளிகேட் கொடுக்கிற வழக்கம் இல்லை’, ‘கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க’ என்று கவுன்டரில் சொன்னால், எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதே விதிகளில் இன்னொரு கெடு ஒளிந்திருக்கிறது. உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. வயிற்றுக்குள் துணி கிடப்பது ஐந்தாவது ஆண்டில் தெரியவந்தால், கெடு அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று நீங்கள் வாதிடலாம்; ஆனால் அதற்குள் கேஸ் ஷீட் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கலாம். ஒரு விதி கதவைத் திறந்து வைக்க, இன்னொரு விதி சாவியைத் தூக்கி எறிய அனுமதிக்கிறது. இந்த முரண்பாட்டை இதுவரை யாரும் சரிசெய்யவில்லை.

மரணம் நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை. அந்த நேரத்தில் எந்தக் குடும்பமும் அதைக் கேட்க விரும்பாது என்பது தெரியும். ‘உடம்பை மறுபடியும் அறுக்க வேண்டாம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் எரித்த பிறகு, எதனால் இறந்தார் என்பதற்கு மருத்துவமனை எழுதிய காகிதத்தைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம்

எந்த ஆணையம் என்பதை, நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இப்போது முடிவு செய்வதில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய பணத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். நம்மில் பெரும்பாலோருடைய பில் 50 லட்சத்தைத் தொடாது. அதனால் கேட்பது ஒரு கோடியாக இருந்தாலும் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம் ஒன்று: ஆபரேஷன் நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. சென்னையில் அறுத்துக்கொண்ட நாகர்கோவில்காரர் கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எந்த டாக்டர் தப்பு செய்தார் என்று பெயர் தெரியாவிட்டாலும் மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் வழக்கு நிற்கும் என்று 2004ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காலக்கெடு நோயாளிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். புகாரின் நகல் கிடைத்த 30 நாளில் மருத்துவமனை பதில் தர வேண்டும். ஆணையம் கூடுதலாகத் தரக்கூடியது 15 நாள்தான். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர அதிகாரமில்லை என்று 2020ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது.

தர்மாஸ்பத்திரியில் நடந்தால்

நுகர்வோர் என்ற சொல்லுக்குள் வரக் காசு கொடுத்திருக்க வேண்டும். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டபோது, எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்ற இடத்தை அந்தக் கோட்டுக்கு வெளியே வைத்தது. ஓ.பி. சீட்டுக்குக் கட்டும் சில்லறைப் பணம் கணக்கில் சேராது. அதே சமயம், சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் இலவசமாகப் படுத்தவரும் நுகர்வோர்தான். மிஷன் ஆஸ்பத்திரி, அறக்கட்டளை ஆஸ்பத்திரி, அரசு மருத்துவமனையின் கட்டண வார்டு எல்லாம் இதனால் உள்ளே வருகின்றன. பில்லைக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது கட்டணச் சேவைதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் இதை வைத்து வாதிட இடமிருக்கிறது.

இவை எதிலும் சேராமல் முழு இலவச வார்டில் நடந்தது என்றால் இரண்டு வழி. ஒன்று சிவில் நீதிமன்றம். அலட்சியத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்குக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி பொதுவாக மூன்று ஆண்டு. ஆனால் மரணம் நேர்ந்து, குடும்பம் இழப்பீடு கேட்கிறது என்றால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான். இந்த வித்தியாசத்தில் சறுக்கியவர்கள் உண்டு. அரசை எதிர்த்து என்பதால், வழக்குக்கு முன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 18 வயது ஆகும்வரை சிவில் கெடு ஓடாது, அதற்குப் பிறகு மூன்று ஆண்டு கிடைக்கும். கட்டணம்தான் இடிக்கும்: தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். ஏழை என்று நிரூபித்தால் அதையும் கட்டாமல் வழக்குத் தொடுக்க வழி உண்டு.

இரண்டாவது வழி சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு. இதற்கு எழுதப்பட்ட கெடு கிடையாது. அதற்காகக் காரணமில்லாமல் ஐந்து ஆண்டு தூங்கிவிட்டுப் போனால் நீதிமன்றம் முகம் கொடுக்காது. தவறு பட்டவர்த்தனமாகத் தெரியும்போதுதான் ரிட் பலிக்கும். நடந்ததா இல்லையா என்றே சண்டை இருந்தால், சாட்சி விசாரிக்க சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அரசு மருத்துவமனை என்றால் பொறுப்பே கிடையாது என்ற பேச்சு பழையது, தவறானது. 1963ல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துண்டுத் துணியை விட்டுவிட்டார்கள். சில நாளில் இறந்துபோனார். மாநில அரசு, இது அரசின் இறையாண்மைப் பணி, எங்களை வழக்குக்கு இழுக்க முடியாது என்றெல்லாம் வாதாடியது. மருத்துவமனை நடத்துவது அந்த வகைப் பணி அல்ல, ஊழியர் செய்த தவறுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996ல். துணியை விட்டதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் 33 ஆண்டு.

போலீஸும் கவுன்சிலும்

2022 நவம்பரில் சென்னையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்காக அரசு புறநகர் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்கு, இறுக்கிக் கட்டிய கட்டால் காலுக்கு ரத்தம் ஓடாமல் போனது. காலை எடுத்தும் உயிர் பிழைக்கவில்லை. டாக்டர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், அலட்சியத்தால் மரணம் என்று வழக்குப் பதிவானது, குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. மாநிலமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது. யாரும் பார்க்காத வழக்குகளில் நடப்பது வேறு.

ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வெறும் கவனக்குறைவு போதாது. மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். போலீஸ் முதலில் சம்பந்தமில்லாத ஒரு டாக்டரிடம், முடிந்தவரை அரசு டாக்டரிடம், கருத்து வாங்க வேண்டும். எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் புகார் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கோ மருத்துவக் கல்லூரி டீனுக்கோ போய், குழு அமைத்து, அறிக்கை திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை தரும்போது நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரைதான். சலுகை டாக்டருக்கு மட்டும், நர்ஸுக்கு இல்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. இரண்டு ஆண்டுத் தண்டனைக் குற்றம் என்பதால் மூன்று ஆண்டுக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் டாக்டரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கி வைக்கலாம். ஒரு ரூபாய் இழப்பீடுகூட வாங்கித் தர முடியாது. முடிவு பிடிக்காவிட்டால் தேசிய வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்வது டாக்டருக்கு. நோயாளியைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் கவுன்சிலில் புகார் கொடுப்பது வீண் அல்ல. டாக்டர் அங்கே எழுத்தில் தரும் விளக்கமும் கவுன்சில் முடிவும் நுகர்வோர் வழக்கில் கைகொடுக்கும். நிஜாம் மன்னர்கள் காலத்துத் தர்பார் மாதிரி அங்கே பதிலுக்குக் காத்துக்கிடந்து இரண்டு ஆண்டைத் தொலைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

செலவில்லாமல் பேசித் தீர்க்க நினைப்பவர்களுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மருத்துவமனைச் சேவை அதன் பட்டியலில் உண்டு, ஒரு கோடி ரூபாய் வரை விசாரிக்கலாம், கட்டணம் இல்லை. வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே போக வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

தீர்ப்புக்குப் பிறகும் எண்ண வேண்டிய நாட்கள்

மாவட்ட ஆணையத்தில் தோற்றால் மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள். அங்கிருந்து தேசிய ஆணையத்துக்கு 30 நாள், தேசிய ஆணையத்திலேயே முதலில் தொடுத்த வழக்கு என்றால் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு 30 நாள். தோற்றது மருத்துவமனை என்றால், மேல்முறையீடு செய்ய அவர்கள் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும்.

சாதாரணப் புகாரை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பு எப்படி என்பதற்கு இரண்டு வழக்கு. 1996ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. தேசிய ஆணையம் கொடுத்தது 5 லட்சம். விலைவாசி உயர்வைக் கணக்கில் சேர்த்து உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்திய 2015ல் அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்திருந்தது. இன்னொன்று ஹைதராபாத்தில். 1990ல் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞருக்கு நெஞ்சில் கட்டி. சோதனைக்குச் சதை எடுப்பதாகச் சொல்லி உள்ளே கொண்டுபோய், நரம்பியல் அறுவை நிபுணர் பக்கத்தில் இல்லாமலே கட்டியை முழுதாக எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அவர் வழக்கைத் தானே படித்து, உச்ச நீதிமன்றத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி தானே வாதாடினார். 2009 மே மாதம் ஒரு கோடி ரூபாய்க்குத் தீர்ப்பு வந்தபோது ஆபரேஷன் நடந்து 19ஆவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.